கொசுவத்தியும் அம்மாவின் இருமலும்

சன்னலை இறுகச் சாத்திவிட்டு இரவு முழுவதும் கொசுவத்தி ஏற்றிவைப்பது எங்கள் வீட்டு வழக்கம். விடியற்காலையில் அம்மாவுக்கு வரும் வறட்டு இருமலைப் பனிக்காற்றின் வேலை என்றே நம்பியிருந்தோம். கட்டிலருகே வெள்ளைச் சுவரில் படர்ந்திருந்த பழுப்பை ஈரத்துணியால் துடைத்தபோதுதான், அதே புகை நுரையீரலுக்குள்ளும் போயிருக்குமே என்று உறைத்தது. ஒரு சுருள் எரியும்போது வெளியாகும் நுண்துகள்களின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என 2003இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டிருக்கிறது. அத்துகள்கள் மூக்கில் தங்காமல் நுரையீரலின் காற்றுப்பைகள்வரை சென்றுவிடக்கூடியவை. சன்னலுக்கு நைலான் வலை அடித்து, அம்மாவின் கட்டிலுக்குக் கொசுவலையும் கட்டினேன். (வலைக்குள் புகுந்த ஒற்றைக் கொசுவைத் தேடி நள்ளிரவில் விளக்கைப் போட்டதும் உண்டு.) மூன்று வாரங்களில் இருமல் வெகுவாகக் குறைந்தது; சாம்பிராணியை மட்டும் அம்மா விடவில்லை, வெள்ளிக்கிழமைகளில் அது இப்போது முற்றத்தில் புகைகிறது.