பேரன் "போர் சரியா?" எண்டு கேட்டால்

உடன பதில் சொல்லாதேங்கோ. நான் என்ர பேரனை திருகோணமலையில நிலாவெளி ரோட்டில இருக்கிற, இரண்டாம் உலகப் போரில செத்த வீரர்களைப் புதைச்ச உப்புவெளி யுத்த மயானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனன். முதல்ல கல்லில வெட்டியிருக்கிற வயசை வாசிக்க விடுங்கோ. ஒரு கல்லில விரலை வைச்சு, "எங்கட மாமாவை விடச் சின்னவர்" எண்டான்.

பிறகு கதைக்கலாம். 1942 ஏப்ரல் 9இல ஜப்பான் விமானங்கள் எங்கட திருகோணமலைத் துறைமுகத்தில குண்டு போட்டது. அடிக்க வந்தவனைத் தடுக்கிறது நியாயம் எண்டுதான் நான் நினைக்கிறன்.

அதோட நிப்பாட்டாதேங்கோ. எப்பிடிச் சண்டை பிடிக்கிறது எண்டது வேற கேள்வி. புறநானூற்றின்ர 9ஆம் பாட்டில, அம்பு விட முதல் பெண்களையும் நோயாளிகளையும் பாதுகாப்பான இடத்துக்குப் போகச் சொல்லுறாங்கள்.

"எங்களுக்கும் அப்பிடிச் சொன்னவையோ, அம்மம்மா?" எண்டு கேட்டான். இதில மட்டும் பொய் சொல்லாதேங்கோ. அவன்ர தாயை மடியில வைச்சுக்கொண்டு பங்கருக்குள்ள இருந்த இரவை நான் சொன்னன்.