ஆக்டினை நம்பிக் கெட்டவர்கள்: பூச்சி க்யூபிசிஆரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிப்பெட் கை நடுங்குவது, குழாயில் பெயர் எழுத மறப்பது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அது இரண்டு தடவை திட்டு வாங்கினால் சரியாகிவிடும். ஒரு ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்று அதன் ஆர்என்ஏவை வைத்து அளக்கும் க்யூபிசிஆரில், கணக்கையே கவிழ்க்கும் தவறுகள்தான் இங்கே.

“ஆக்டின் இருக்கே மேடம்”

எனக்கு இன்னும் ஆறாத எரிச்சல் இதுதான். ஆத்தூர்ப் பக்கத்து மரவள்ளிக் காட்டில் மாவுப்பூச்சி பிடித்து வந்து, ஏற்காட்டுக் குளிருக்கும் சேலத்து வெயிலுக்கும் ஒத்த வெப்பநிலைகளில் வளர்த்து, நஞ்சை முறிக்கும் பி450 ஜீன் வெயிலில் ஏறுகிறதா என்று ஒரு மாணவி பார்த்தார். ரெஃபரன்ஸ் ஜீன் (மாறாது என்று நம்பி மற்றதை ஒப்பிடும் ஜீன்) எதும்மா என்று கேட்டால், சீனியர் ஃப்ரீசரில் விட்டுப்போன ஆக்டின் பிரைமராம் (ஜீனைப் பிடிக்கும் சிறு டிஎன்ஏ துண்டு). சீனியர் பார்த்தது வேறு பூச்சி, பூச்சிமருந்துச் சோதனை!

சிடி மதிப்புகளை (எத்தனையாவது சுற்றில் ஜீன் தென்படுகிறது என்ற எண், கூடினால் அளவு குறைவு) வாங்கிப் பார்த்தேன். ஆர்என்ஏ அளவு எல்லாவற்றிலும் ஒன்றுதான். பி450 குளிரிலும் 26, வெயிலிலும் 26. ஆக்டின் மட்டும் குளிரில் 18, வெயிலில் 20. கழித்தால் 8, 6. இரண்டு சுற்று வித்தியாசம், சுற்றுக்கு இரண்டு மடங்கு என்றால் நான்கு மடங்கு. ஸ்லைடில் பி450 நான்கு மடங்கு ஏறி நிற்கிறது, உண்மையில் அது அசையவே இல்லை, இறங்கியது ஆக்டின். தசைக்கும் செல்லின் சட்டகத்துக்கும் வேண்டிய புரதம் அது. தோலுரிப்பு, வயது, வெப்பம் எதிலும் மாறலாம். பிசிஆர் கலவையான மாஸ்டர் மிக்ஸ் விற்கும் விலையில் அத்தனை பிளேட்டும் வீண்.

முதலில் ஒரு ஏழெட்டு ஜீனை (ஆர்பிஎல்32, ஈஎஃப்1 ஆல்ஃபா, டியூபுலின், ஜிஏபிடிஹெச், வி-ஏடிபேஸ் மாதிரி) உங்கள் பூச்சியில், உங்கள் சோதனை நிலைகளிலேயே ஓட்டிப் பாருங்கள். எது மாறாமல் நிற்கிறது என்று கணக்கிடும் ஜீநார்ம், நார்ம்ஃபைண்டர் என்ற நிரல்கள் இரண்டிலும் போடுங்கள். குறைந்தது இரண்டு ஜீனை எடுத்து அவற்றின் பெருக்குச் சராசரியால் சரிசெய்யுங்கள். ஜீநார்மில் வி2/3 மதிப்பு (மூன்றாவது ஜீனைச் சேர்த்தால் எவ்வளவு மாறும் என்ற எண்) 0.15-க்குக் கீழே வந்தால் இரண்டே போதும். அப்புறம், வெப்பத்துக்குத் தேறிய ஜீன் புழுவையும் தாய்ப்பூச்சியையும் ஒப்பிடவும் தேறும் என்று நினைத்துவிடாதீர்கள், அதற்குத் தனியாகப் பார்க்க வேண்டும்.

பட்டியல் முழுக்க ரைபோசோம் ஜீன்

இரண்டு ஜீன்களின் விகிதம் மாறாமல் இருக்கிறதா என்றுதான் ஜீநார்ம் பார்க்கும். ரைபோசோம் ஜீன்களான ஆர்பிஎல்32-ம் ஆர்பிஎஸ்18-ம் சேர்ந்தே ஏறி இறங்கினால் இரண்டுக்கும் முதலிடம் கிடைத்துவிடும், அண்ணனுக்குத் தம்பி சாட்சி சொன்ன கதைதான். வெவ்வேறு வேலை செய்யும் ஜீன்களாகப் பொறுக்குங்கள்.

18எஸ்

இந்த ரைபோசோம் ஆர்என்ஏ ரெஃபரன்ஸாக வேண்டாம். அளவுக்கு மீறி இருக்கும், பாலி-ஏ வாலும் (கடைசியில் வரும் ‘ஏ’ எழுத்துத் தொடர்) கிடையாது. அந்த வாலைப் பிடிக்கும் ஒலிகோ டிடி வைத்து சிடிஎன்ஏ (ஆர்என்ஏவின் டிஎன்ஏ நகல்) செய்தவர்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

எஃபிஷியன்சி பார்க்காமல் டெல்டா டெல்டா சிடி

மேலே செய்த கழித்தல் கணக்குதான் டெல்டா டெல்டா சிடி. ஒவ்வொரு சுற்றிலும் அளவு சரியாக இரட்டித்தால் எஃபிஷியன்சி நூறு சதவீதம். 90–110 சதவீதத்துக்குள் வராத பிரைமரைத் தூக்கிப் போடுங்கள். ஜீநார்ம் போன்றவற்றைச் சேர்த்துப் பார்க்கும் ரெஃப்ஃபைண்டரில் வெறும் சிடியைக் கொடுத்தால் அது எல்லாப் பிரைமரையும் நூறு சதவீதமாகவே எடுத்துக்கொள்ளும்.

ஜெல்லில் ஒரே பட்டை

ஆர்என்ஏவை ஜெல்லில் ஓட்டி ஒரே பட்டை வந்தால், கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். பல பூச்சிகளில் 28எஸ் (இன்னொரு ரைபோசோம் ஆர்என்ஏ) சூடுபட்டதும் இரண்டாக உடைந்து 18எஸ் பக்கத்திலேயே ஓடும், ரின் எண்ணும் (ஆர்என்ஏ தர மதிப்பெண்) அதனால் குறைவாகக் காட்டும். சூடாக்காமல் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.