தாமிரபரணிக் கரையில் பழைய வீட்டைச் சுற்றி ஒரு சிறு வனம்: புதிதாகத் தொடங்குவோருக்கு

அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலி வரை தாமிரபரணிக் கரையோரம் ஓட்டுக்கூரையும் சுண்ணாம்புக் காரைச் சுவருமாக நிற்கும் பழைய வீடுகள் பலவற்றுக்கு, ஆறு வரை நீளும் கொல்லை இருக்கிறது. அந்தக் கொல்லையை மரநிழல் நிறைந்த சிறு வனமாக்கும் முறையை, இருபது சென்ட் நிலத்தை மனத்தில் வைத்து விளக்குகிறேன்.

முதலில் வெள்ளம் ஏறும் மட்டத்தை அறிய வேண்டும். 2023 டிசம்பர் பெருவெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்பதைச் சுவரில் படிந்த கறையைக் கொண்டோ, அக்கம்பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டோ தெரிந்துகொண்டு, அந்த மட்டத்தில் கயிறு கட்டிக் குறித்து வையுங்கள். கரையை ஒட்டிய நிலம் பெரும்பாலும் ஆற்றுப் புறம்போக்காக இருக்கும் என்பதால், புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) உங்கள் பட்டாவின் எல்லையையும் சரிபார்த்துவிடுங்கள்.

அடுத்தது சுத்தம் செய்வது. சீமைக்கருவேலத்தை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். ஆகவே வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். தானாக முளைத்து நிற்கும் வேம்பையோ புங்கனையோ அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள். பத்து ஆண்டு வளர்ந்த நிழலை எந்த நாற்றங்காலிலும் வாங்க முடியாது.

இதே சமயத்தில் வீட்டுச் சுவரையும் சுற்றிப் பாருங்கள். பறவை எச்சத்தில் வந்த அரச விதை காரை இடுக்கில் முளைத்து, விரல் நீளச் செடியாக அழகாகத்தான் நிற்கும். அதன் வேர் நூலாக இருக்கும்போதே ஈர நாளில் மெல்ல இழுத்து எடுத்துவிட்டு, இடுக்கைச் சுண்ணாம்புக் காரையால் அடைக்க வேண்டும். சிமெண்ட் பூசினால் பழைய சுவரின் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிக் காரையை உதிர்க்கும்.

இனி மரத் தேர்வு. வெள்ள மட்டத்துக்குக் கீழே நீர்மருது, புங்கன், நாவல் ஆகியவற்றை நடலாம். வேர் சில நாள் நீரில் நின்றாலும் இவை தாங்கும். வெளிறிய வழவழப்பான பட்டையும் ஐந்து விளிம்புள்ள காயும் கொண்ட நீர்மருதுதான் இந்த ஆற்றங்கரைக்கே உரிய மரம் என்பேன். இதே ஆற்றங்கரையில் உள்ள திருப்புடைமருதூர் என்ற ஊரின் பெயரிலும் அந்த மருது இருக்கிறது. கரைச் சரிவில் வெட்டிவேரை அரையடிக்கு ஒன்றாக வரிசையாக ஊன்றினால் மண் அரிப்புக் குறையும். மேட்டுப் பகுதியில் இலுப்பை, மகிழம், வேம்பு ஆகியவை நன்றாக வரும். பெரிய மரங்களைச் சுவரிலிருந்து முப்பது அடியும், ஒன்றுக்கொன்று இருபத்தைந்து அடியும் தள்ளி நடுங்கள். இடைவெளிகளில் பவழமல்லி, நந்தியாவட்டை, நொச்சி, கறிவேப்பிலை என நடுத்தர உயரச் செடிகள் வந்தால்தான் தோப்பு என்ற நிலை மாறி வனம் என்ற தோற்றம் உண்டாகும்.

மேட்டில் நடுவதற்குப் புரட்டாசிக் கடைசி ஏற்றது. வடகிழக்குப் பருவமழையே கன்றுக்கு நீர் விடும். தாழ்ந்த பகுதியில் அப்போது நட்டால் கன்றை வெள்ளம் கொண்டுபோய்விடக்கூடும் என்பதால், தை பிறந்து ஆறு அடங்கிய பின் நடுவதே நல்லது. இரண்டடி ஆழமும் அகலமுமான குழியில் மேல்மண்ணையும் மக்கிய சாண எருவையும் கலந்து நிரப்பி, கன்றுக்கு ஒரு கொம்பு ஊன்றிக் கட்டுங்கள். முதல் இரண்டு கோடைகளுக்குக் கட்டாயம் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

உதிரும் இலையைக் கூட்டி எரிக்காமல், கன்றைச் சுற்றி நான்கு அங்குல மூடாக்காகப் போடுங்கள். தண்டிலிருந்து ஒரு சாண் இடம் விட வேண்டும். சுவரை ஒட்டி மூன்றடிக்குள் மூடாக்கே கூடாது. ஈரச் சருகில் சேரும் கரையான் அங்கிருந்து பழைய தேக்கு நிலைக்கும் உத்தரத்துக்கும் ஏறிவிடும்.

நிழல் ஓரளவு கூடிய பிறகு மரங்களின் அடியில் மஞ்சள், திப்பிலி, ஈரமான இடத்தில் வல்லாரை ஆகியவற்றை நடலாம். வீட்டுக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட மரங்களின் தாழ்ந்த கிளைகளை மட்டும், மரம் தலைக்கு மேல் வளர்ந்தபின், ஆண்டுக்கு ஒருமுறை கழித்துவிடுங்கள். ஆற்றுக் காற்று தடையின்றிப் பின்கட்டு வரை வரும்.