இருவராக ஆல்ப்ஸில் நடக்க, கையைக் கடிக்காத வழி

ஆல்ப்ஸ் என்றதும் சுவிட்சர்லாந்துக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. நானும் கணவரும் ஆஸ்திரியாவின் ஸ்டூபாய் பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்தோம். இன்ஸ்ப்ரூக்கிலிருந்து பேருந்திலேயே போய்விடலாம்.

முதல் வேலை, ஆஸ்திரிய ஆல்பைன் சங்கத்தில் உறுப்பினராவது. ஒருவர் சேர்ந்தால் துணைவருக்குச் சந்தா குறைவு. சங்கத்தின் மலைக்குடில்களில் படுக்கைக் கட்டணம் குறையும்; மீட்புக் காப்பீடும் கூடவே வரும். தனியறை கேட்காதீர்கள், 'லாகர்' என்று கேளுங்கள். வரிசையாக மெத்தை போட்ட பொது அறை, அதுதான் மலிவு. போர்வை அங்கேயே இருக்கும், ஆனால் உள்ளே நுழைந்து படுக்கும் மெல்லிய துணிப்பை நம்முடையதாக இருக்க வேண்டும். எங்கள் பட்டுப் பை மடித்தால் ஒரு மாம்பழ அளவுதான்!

முதல் இரவுக்கு 2,147 மீட்டர் உயரத்தில் உள்ள ஃபிரான்ஸ் சென் குடில் நல்லது. ஓபரிஸ் மேய்ச்சல் நிலத்திலிருந்து ஒன்றரை மணி நேர ஏற்றம். அவசரப்படாதீர்கள், மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும். அப்படி மாற்றிக்கொண்ட பிறகுதான் எங்களுக்குள் சண்டை நின்றது.

ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கீழேயே வாங்கிவிடுங்கள். ரொக்கம் அவசியம். அப்புறம், கோடையில் பிற்பகல் இடிமழை சகஜம். விடிந்ததும் கிளம்பி, மதியத்துக்குள் அடுத்த குடிலுக்குப் போய்ச் சேர்ந்துவிடுங்கள்.