எஸ்எஸ்எச் செஷன் ஹேங் ஆனதும் பதறிச் செய்யும் தவறுகள்

கும்பகோணத்தில் என் வீட்டு மாடியில் சர்வர் வேலை பழக மூன்று பேர் வருகிறார்கள். லேப்டாப்பிலிருந்தே தூரத்து சர்வருக்குள் நுழைந்து கட்டளை ஓட்டும் வழிதான் எஸ்எஸ்எச், அப்படி நுழைந்து நிற்கும் ஒரு இணைப்புதான் செஷன். போன வாரம் மழையில் கரண்ட் போய் வந்தது. ரவுட்டரும் அணைந்து எரிந்தது. வலங்கைமானிலிருந்து வரும் தம்பி அசையாத கறுப்புத் திரையைப் பார்த்தபடி என்டரைத் தட்டிக்கொண்டே இருந்தான். "அண்ணே, ஹேங் ஆயிடுச்சு, மறுபடி ஓட்டுறேன்" என்று விண்டோவை மூடப் போனவனைக் கையைப் பிடித்து நிறுத்தினேன், ஏனென்றால் அடுத்து என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பாஸ்வேர்ட் தப்பு, போர்ட் தப்பு இதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை, அவை இரண்டு நாளில் தானே சரியாகிவிடும்.

அதே வேலையை மறுபடி ஓட்டுவது

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு அரிசி மண்டியின் பழைய விற்பனைக் கணக்கைப் புது டேட்டாபேஸில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஐப்பசி அடைமழை, ராத்திரி பதினோரு மணி. கரண்ட் போனது. லேப்டாப்பில் பேட்டரி இருந்தது, ரவுட்டரில் இல்லை. கரண்ட் வந்ததும் ரவுட்டர் புது ஐபி முகவரி வாங்கிக்கொண்டது, பழைய விண்டோ அப்படியே நின்றது. வேலை செத்துவிட்டது என்று நானே முடிவு செய்து, இன்னொரு விண்டோவில் லாகின் செய்து, அதே கட்டளையை முதலிலிருந்து ஓட்டிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் முதலாளி போன் செய்தார். "என்ன தம்பி, ஒன்றரை லட்சம் பாக்கி இருந்த ஆளுக்கு மூணு லட்சம் காட்டுது?" முதலில் ஓட்டியது சாகவே இல்லை. இரண்டும் ஓடி முடித்திருந்தன. மண்டியில் உட்கார்ந்து ரசீதுக் கட்டுகளைப் பிரித்து, ஒவ்வொரு பில்லாக ஒத்துப்பார்த்து இரட்டிப்பை நீக்க மூன்று நாள் ஆனது.

இன்னும் எரிச்சலாக இருப்பது இதனால்தான்: உங்கள் பக்கம் இணைப்பு அறுந்ததை சர்வருக்கு யாரும் சொல்வதில்லை. வயலில் மடை வறண்டு கிடப்பதை வைத்து ஆற்றில் தண்ணீர் இல்லை என்று சொல்ல முடியுமா? நீங்கள் இன்னும் எதிரில் உட்கார்ந்திருப்பதாகவே சர்வர் நினைக்கிறது. கட்டளை திரையில் எதுவும் எழுதாத ரகம் என்றால் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். நிறைய எழுதும் ரகம் என்றால் அனுப்ப முடியாத எழுத்து சேர்ந்து, இடம் நிறைந்து, நடுவில் முட்டி நிற்கும். லினக்ஸ் வழக்கமான அமைப்பில் ஏறத்தாழ 15 நிமிடம் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டு இணைப்பைக் கைவிடும், அப்போது கட்டளையும் பாதியில் சாகலாம். ஓடுகிறதா, முட்டி நிற்கிறதா, செத்துவிட்டதா? மூன்றில் எது என்று உறைந்த திரை காட்டாது. அதனால் பழைய விண்டோவைத் தொடாதீர்கள். புதிதாக ஒன்றில் லாகின் செய்து, ஓடும் வேலைகளைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையில் உங்கள் வேலை இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் பார்க்காமல் எதையும் மறுபடி ஓட்டாதீர்கள்.

ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடும் எதையும் டிமக்ஸுக்குள் (இணைப்பு போனாலும் வேலையை உயிரோடு வைத்திருக்கும் நிரல்) தொடங்கினால் இந்தத் தொல்லையே இல்லை. இணைப்பு போனாலும் திரும்ப லாகின் செய்து, விட்ட இடத்திலேயே போய் உட்காரலாம். ஆனால் டிமக்ஸ் சர்வரில் ஓட வேண்டும். லேப்டாப்பில் டிமக்ஸைத் திறந்து அதற்குள்ளிருந்து எஸ்எஸ்எச் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

விண்டோவை மூடுவது

நெட் அறுபடாமல் மெதுவாக மட்டும் இருந்தால், மூடிய சேதி சர்வருக்குப் போய் ஓடும் வேலையைக் கொன்றுவிடும். வேலை முடிந்துவிட்டதைப் புது விண்டோவில் பார்த்த பிறகு, பழைய விண்டோவில் என்டர், அப்புறம் ~ குறி, அப்புறம் ஒரு புள்ளி. செஷன் விட்டுவிடும்.

கன்ட்ரோல்-எஸ்

இது கைதவறிப் பட்டாலும் திரை உறைந்து நிற்கும். முதலில் கன்ட்ரோல்-க்யூ அழுத்திப் பாருங்கள்.

டிசிபி கீப்அலைவ் காப்பாற்றும் என்று நம்புவது

சும்மா கிடக்கும் இணைப்பில் எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று விசாரிக்கும் ஏற்பாடு இது. லினக்ஸில் அதன் முதல் விசாரிப்பே 7,200 நொடி, அதாவது இரண்டு மணி நேரம் கழித்துத்தான். போன் ஹாட்ஸ்பாட்டில் டீ குடித்துவிட்டு வருவதற்குள், சும்மா கிடக்கும் இணைப்பை நடுவில் இருக்கும் நாட் (பல பேரை ஒரே ஐபி முகவரியில் வெளியே அனுப்பும் ஏற்பாடு) மறந்துவிடும். லேப்டாப்பின் எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில், எத்தனை நொடிக்கு ஒருமுறை சர்வரை விசாரிப்பது என்று சொல்லும் சர்வர்-அலைவ்-இன்டர்வலை 30 என்று வையுங்கள். ஒன்றும் வைக்காவிட்டால் அது பூஜ்யம், வேலையே செய்யாது. 5 நொடி என்று இறுக்கவும் வேண்டாம், சின்னத் தடங்கலுக்கே நல்ல செஷன் அறுந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் நெட் மெதுவு என்பது

லாகின் ஆகிறது, சின்னக் கட்டளைகள் ஓடுகின்றன, நீளமான பட்டியல் கேட்டதும் உறைகிறது, அதுவும் ஒவ்வொரு முறையும். இது எம்டியு தகராறு, அதாவது ஒரு பாக்கெட் (அனுப்பும் தகவல் துண்டு) எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற வரம்பில் வரும் சிக்கல். பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்ட் கொடுத்து இணையும் வகை) பிராட்பேண்டில் ஒரு பாக்கெட் 1,492 பைட்தான் கொள்ளும், வழக்கமான 1,500 அல்ல. பெரிதாக இருக்கிறது என்று திருப்பிச் சொல்லும் ஐசிஎம்பி சேதியை வழியில் ஏதாவது ஃபயர்வால் தடுத்தால் பெரிய பாக்கெட்டுகள் சத்தமில்லாமல் காணாமல் போகும். உடைக்கக் கூடாது என்ற விருப்பத்தோடு 1,464 பைட் பிங், அதாவது பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைப் பாக்கெட், அனுப்புங்கள் (தலைப்புக்கு 28 சேர்த்தால் 1,492). போகவில்லை என்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, போகிற அளவைக் கண்டுபிடித்து எம்டியுவை அதற்கு இறக்குங்கள். விபிஎன் போட்டால் அளவு இன்னும் சுருங்கும்.

இணைப்பு மாற்றும்போது மோஷ் இல்லாதது

மேட்டூர் திறப்பதற்கு முன் இங்கே வாய்க்கால் தூர்வாருவார்கள், பொக்லைன் பட்டு ஃபைபர் அறும், உடனே ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுவோம். ஐபி மாறினால் சாதாரண எஸ்எஸ்எச் தாங்காது, எஸ்எஸ்எச்சுக்குப் பதிலாக ஓட்டும் மோஷ் என்ற நிரல் தாங்கும். சர்வரில் யுடிபி 60000 முதல் 61000 வரை உள்ள போர்ட்டுகளைத் திறந்திருக்க வேண்டும். மேலே ஓடிப்போன எழுத்தை அது வைத்துக்கொள்ளாது, ஆகவே டிமக்ஸ் அப்போதும் வேண்டும்.

ரவுட்டருக்கு யுபிஎஸ் இல்லாதது

இன்றே வாங்குங்கள்.

அந்தத் தம்பியின் கதைக்கு வருகிறேன். புது விண்டோவில் பார்த்தோம், அவன் கட்டளை பட்டியலில் இருந்தது. கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இருபது நிமிடத்தில் முடிந்தது. வரிகளை எண்ணிப் பார்த்தான், சரியாக இருந்தது.