துரத்தி வரும் வீடியோ பெட்டியை யூசர் ஸ்கிரிப்ட் மூலம் நீக்குவது எப்படி?

பக்கத்தைக் கீழே நகர்த்தினாலும் திரையோரத்தில் ஒட்டிக்கொண்டு தானாக ஓடும் வீடியோ பெட்டியை, நம் உலவியிலேயே இயங்கும் சிறு ஜாவாஸ்கிரிப்ட் நிரலால் அகற்றிவிடலாம். இத்தகைய நிரலையே யூசர் ஸ்கிரிப்ட் என்கிறோம்.

முதலில், யூசர் ஸ்கிரிப்டுகளை உலவியில் இயக்கித்தரும் டேம்பர்மங்கி என்ற நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) நிறுவுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் வயலன்ட்மங்கியும் நன்றாகவே இயங்கும். குரோமின் புதிய பதிப்புகளில், நீட்சியின் விவரப் பக்கத்திற்குச் சென்று 'அலவ் யூசர் ஸ்கிரிப்ட்ஸ்' என்பதையும் இயக்கினால்தான் ஸ்கிரிப்டுகள் ஓடும்.

அடுத்து, பெட்டியின் விளிம்பில் வலது கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். முதலில் காட்டப்படும் வரி பெரும்பாலும் பெட்டியின் உட்பகுதி ஒன்றையே குறிக்கும் என்பதால், முழுப் பெட்டியும் நிறம் மாறித் தெரியும்வரை ஒவ்வொரு வரியாக மேலே சென்று, அந்த வரியில் அப்பெட்டிக்கு இடப்பட்டுள்ள தனிப்பெயரான ஐடியைக் (id) குறித்துக்கொள்ளுங்கள். ஐடி இல்லையென்றால் கிளாஸ் (class) பெயரை எடுக்கலாம். ஆனால் பொருளற்ற எழுத்துக் குவியலாக இருக்கும் கிளாஸ் பெயர்கள் அடிக்கடி மாறக்கூடியவை.

அதே பக்கத்தில் இருந்தபடி நீட்சியின் சின்னத்தைச் சொடுக்கிப் புதிய ஸ்கிரிப்டைத் திறங்கள். ஸ்கிரிப்ட் எந்தப் பக்கங்களில் இயங்க வேண்டும் என்று சொல்லும் @மேட்ச் (@match) வரியில் முகவரியைத் தளத்தின் பெயர்வரை மட்டும் வைத்துக்கொண்டு, அதன்பின் வரும் சாய்கோட்டை அடுத்து * குறியை இட்டால், அத்தளத்தின் எல்லாப் பக்கங்களிலும் ஸ்கிரிப்ட் இயங்கும். எல்லாத் தளங்களுக்கும் பொருந்தும்படி எழுதிவிடாதீர்கள். உங்கள் வங்கிப் பக்கத்தில் அதற்கு வேலை இல்லை.

இனி நிரல். பெட்டியை ஸ்டைல் மூலம் மறைப்பது எளிதுதான், ஆனால் மறைந்த வீடியோ பின்னணியில் தொடர்ந்து ஓடி ஒலியெழுப்பவும் டேட்டாவைத் தின்னவும் கூடும். அதனால் பக்கத்தின் உறுப்புகளைத் தேடித்தரும் குவரிசெலக்டரிடம் (querySelector) ஐடியை # குறியுடன் கொடுத்து, கிடைக்கும் உறுப்பை ரிமூவ் (remove) கட்டளையால் பக்கத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். பக்கத்தைவிட்டு நீக்கப்பட்ட வீடியோவை உலவியே நிறுத்திவிடும்.

பலரும் தடுமாறும் இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. பல தளங்கள் பக்கம் திறந்து சில நொடிகள் கழித்தோ, வாசகர் சற்றுக் கீழே நகர்ந்த பிறகோ பெட்டியை உருவாக்குவதால், ஒருமுறை மட்டும் ஓடும் ஸ்கிரிப்ட் எதையும் காணாமலேயே முடிந்துவிடும். ஆகவே பக்கத்தில் நிகழும் மாற்றங்களைக் கவனிக்கும் மியூட்டேஷன் அப்சர்வரை (MutationObserver), பக்கத்தின் உள்ளடக்கத்தைத் தாங்கும் பாடி (body) உறுப்பின்மீது அமர்த்தி, அதன் சைல்டுலிஸ்ட் (childList), சப்ட்ரீ (subtree) என்ற இரு அமைப்புகளையும் ட்ரூ (true) என அமைத்து, ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பெட்டி வந்துவிட்டதா என்று பார்த்து நீக்கச் செய்யுங்கள். சப்ட்ரீயை விட்டுவிட்டால், உள்ளடுக்குகளில் முளைக்கும் பெட்டி அதன் கண்ணில் படாது.

சேமித்துப் பக்கத்தை மீண்டும் ஏற்றிப் பாருங்கள். பெட்டி போன பிறகு பக்கம் நகர மறுத்தால், பாடியின் ஓவர்ஃப்ளோ (overflow) என்ற ஸ்டைல் அமைப்பு 'ஹிடன்' (hidden) என்று பூட்டப்பட்டிருக்கும். அதை 'ஆட்டோ' (auto) ஆக்குங்கள். கட்டுரைக்குள் இருக்கும் வீடியோவே கீழே நகரும்போது மிதக்கத் தொடங்கும் தளங்களில், அதை நீக்காமல் அதன் பொசிஷன் (position) என்ற ஸ்டைல் அமைப்பை மட்டும் 'ஸ்டாட்டிக்' (static) என மாற்றினால், வீடியோ தன் இடத்திலேயே இருக்கும்.