கூலிங் டவர் கழுவப் போகும் தம்பிகளுக்கு

போன மாதம், பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் ஷட்டவுனில், ஒரு டிப்ளமோ பையன் ஜெட் ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆலையின் சூடான தண்ணீரை ஆற்றும் கூலிங் டவர் ஏணியில் ஏறுகிறான். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது. மூக்கில் கைக்குட்டை, கேட்டால் தூசிக்காம். இருபது வருடத்துக்கு முன்னால் நானும் இதே கோலத்தில் ஏறியவன்தான், அதனால்தான் கோபம் கூடுதலாக வந்தது.

டவர் தண்ணீரில் வளரும் கிருமி விஷயத்தில் நாம் செய்யும் தப்புகளைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். குளோரின் தீர்ந்தது, மருந்து செலுத்தும் டோசிங் பம்பில் காற்று அடைத்தது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அதெல்லாம் இரண்டு தடவை திட்டு வாங்கினால் தானாக வந்துவிடும்.

தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று நம்புவது

டிடிஎஸ் மீட்டர் உப்பைத்தான் அளக்கும். கிருமியை அல்ல.

நேராக ஜெட் அடிப்பது

இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.

டவர் தண்ணீரில் வளரும் லீஜியோனெல்லா என்ற கிருமி, காலராவும் டைஃபாய்டும் போலக் குடித்து வருவதில்லை. நுண்ணிய திவலையாக மூச்சில் போய் நுரையீரலைப் பிடிக்கும். 20 முதல் 45 டிகிரி வரை அதற்கு நல்ல காலம், நம் டவரின் அடித்தொட்டியான பேசின் பெரும்பாலும் அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. அது தண்ணீரில் மிதப்பதைவிட, டவருக்குள் தண்ணீர் வழிந்து இறங்கும் ஃபில் அடுக்கில் விரலை வைத்து இழுத்தால் வழுவழுவென்று வருமே, அந்தப் படலத்துக்குள்தான் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். மருந்து போடாமல் அதன்மேல் ஜெட் அடித்தால், ஒட்டிக்கிடந்ததை நாமே பெயர்த்துப் புகையாக்கிக் காற்றில் விடுகிறோம். ஃபேனும் ஓடினால் ஊருக்கே அனுப்பியாயிற்று.

மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால் பிரான்ஸின் ஆர்ன் ஊரைக் கேளுங்கள். 2003 கடைசியில் அங்கே ஒரு பெட்ரோ கெமிக்கல் ஆலையின் டவரிலிருந்து நோய் பரவியது. ஆலையை நிறுத்தினார்கள், புதிதாக நோய் வருவது குறைந்தது. அப்புறம் சுத்தம் செய்கிறோம் என்று உயர் அழுத்த நீரை அடித்த நாட்களில் இரண்டாவது அலை கிளம்பியது. மொத்தம் 86 பேருக்கு நோய், 18 பேர் இறந்தார்கள். ஆறு கிலோமீட்டர் தள்ளி இருந்தவர்களுக்குக்கூட வந்தது, அவர்களில் பலர் அந்த ஆலை கேட்டைக்கூட மிதித்திருக்க மாட்டார்கள்.

என் கதை சின்னது. ஜெட் அடித்த மறுநாள் ராத்திரி எனக்கும் கூட நின்ற ஒப்பந்தத் தொழிலாளிக்கும் குளிர்க்காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப் போட்ட வலி. நான்கு நாளில் சரியாகிவிட்டது, வைரல் என்றார்கள். யாரும் தண்ணீரை எடுத்துப் பரிசோதிக்கவில்லை, ஆகவே அது லீஜியோனெல்லாதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். அவருக்கு அந்த வாரச் சம்பளம் போனது மட்டும் நிச்சயம்.

சரி, எப்படிச் செய்வது? முதலில் ஃபேனை நிறுத்துங்கள், பிரேக்கரில் பூட்டுப் போட்டுச் சாவியைப் பையில் வையுங்கள். பிறகு ஹைப்போ என்கிற குளோரின் கரைசலைப் போட்டு, ஃப்ரீ குளோரின் (கிருமியைக் கொல்ல மிச்சம் இருக்கும் குளோரின்) 5 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஐந்து பங்கு, குறையாமல் ஐந்து மணி நேரம் தண்ணீரைச் சுற்ற விடுங்கள். குளோரினை முறித்துவிட்டு வடியுங்கள். பேசின் சேற்றை வழித்து எடுங்கள், முடிந்தவரை பிரஷ்ஷால் தேயுங்கள். ஜெட்தான் வேண்டும் என்றால் பக்கத்தில் ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது, ஏசி காற்று இழுக்கும் வழிகளை மூட வேண்டும், முகத்தில் குறைந்தது என்95. கடைசியில் தண்ணீர் நிரப்பி மறுபடி ஒரு டோஸ்.

“அப்ப இன்னைக்கு முடியாதேண்ணா?” என்றான் பையன். முடியாதுதான். ஷட்டவுன் பிளான் போட்டவர் ஒரு ஷிப்ட்தான் கொடுத்திருந்தார், அந்தச் சண்டை தனி.

பிஹெச் பார்க்காமல் ஹைப்போ ஊற்றுவது

பிஹெச் 8 தாண்டினால் குளோரினின் வேகம் பாதிக்கும் கீழே போய்விடும். 5 பிபிஎம் பத்தாது, 15-20 வரை ஏற்ற வேண்டும். மீட்டரில் குளோரின் காட்டுகிறதே என்று வாதாடாதீர்கள், அது இருக்கிறது, கொல்ல மாட்டேன் என்கிறது.

ஸ்டாண்ட்பை பம்பை மறப்பது

ஓடாத பம்பில் தேங்கி நிற்கும் தண்ணீரிலும் கிருமி வளரும், வாரம் ஒரு தடவையாவது மாற்றி ஓட்டுங்கள்.

டாக்டரிடம் வெறும் காய்ச்சல் என்று சொல்வது

லீஜியோனெல்லா நிமோனியாவாக வருவதற்குப் பெரும்பாலும் இரண்டு முதல் பத்து நாள் ஆகும், அதற்குள் டவர் வேலையே மறந்திருக்கும். அமாக்சிசிலின் வகை மருந்து இதற்குக் கேட்காது, அசித்ரோமைசின், லீவோஃப்ளாக்சசின் போன்றவைதான் கேட்கும், எதைக் கொடுப்பது என்பது டாக்டர் பாடு. ஆனால் டவர் கழுவினேன், இந்தத் தேதியில் கழுவினேன் என்று நாம் சொன்னால்தான் அவருக்கு அந்தச் சந்தேகமே வரும். அந்தப் பையனின் கேட் பாஸுக்குப் பின்னால் தேதியை நானே எழுதிக் கொடுத்தேன்.